பேட்டை முதல் திருவல்லிக்கேணி வரை: கண்ணியமிகு காயிதே மில்லத்

 

 சென்னை மாநகரத்தில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை என்று முன்னாளில் அழைக்கப்பட்ட ஒரு வீதி உண்டு. வணிகத்திற்காகவும், மருத்துவத்திற்காகவும், பிள்ளைகளின் படிப்பிற்காகவும் சென்னை செல்லும் நம் மக்களில் பெரும்பாலோர் அவ்வீதியில் ஒரு முறையேனும் நடந்திருப்பார்கள். அதன் இன்றைய பெயர் காயிதே மில்லத் சாலை. பேருந்தின் நடத்துனர் அப்பெயரைச் சொல்கிறார். கடைப் பலகைகளில் அப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அப்பெயருக்குரிய மனிதர் நம் தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஒரு சமுதாயம் தன் பெரியோரின் பெயரைத் தெருப் பலகையில் மட்டும் வைத்துவிட்டு வாழ்க்கையை மறந்துவிடுமானால், அது தன் வரலாற்றின் சாவியைத் தொலைத்துவிட்டது என்றே பொருள். ஆகவே, இவ்வாண்டு மலரில் அப்பெருமகனாரின் வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைக்க நாடுகிறேன்.

வீதியும் அதன் பழைய குடியினரும்

முதலில் அவ்வீதியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். திருவல்லிக்கேணி தொன்மையான ஊர். பார்த்தசாரதிப் பெருமாள் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் வைணவப் பெருமக்கள் வாழ்ந்தனர். 1768ஆம் ஆண்டில் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்கள் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பியபோது, அவருடைய அவையினர், படையினர், எழுத்தர், உலமாக்கள் ஆகியோர் அண்மையிலுள்ள திருவல்லிக்கேணியில் குடியேறினர். தமிழும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் பேசப்படும் நிலை அவ்வாறு உருவாயிற்று.

நவாபின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் எழுப்பிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் இவ்வீதியில்தான் அமைந்துள்ளது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டப்பட்ட பள்ளி அது. அதன் கட்டுமான ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் நவாபின் அவையில் பணியாற்றிய ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பெருமகனார். அல்லாஹ்வின் இல்லத்தின் கல்லில் பதிக்கப்படும் வரிகளைப் பாரசீகத்தில் தேர்ந்த மாற்றுச் சமயத்தார் ஒருவரிடம் எழுதச் சொல்லிப் பெற்றுக்கொண்ட காலம் அது. இன்றும் ரமளான் மாதத்தில் அப்பள்ளியில் நோன்பு திறக்கும் உணவை, சிந்து தேசத்திலிருந்து அகதிகளாய் வந்து குடியமர்ந்த இந்துக்கள் தொடங்கிய சூஃபிதார் அமைப்பினர் பல பத்தாண்டுகளாக வழங்கி வருகின்றனர்.

அப்பள்ளியின் வளாகத்தில் பஹ்ருல் உலூம் அப்துல் அலி லக்னவி (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். 1810ஆம் ஆண்டில் வஃபாத்தான இவர்கள், லக்னோ ஃபிரங்கி மஹல் குடும்பத்து முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் புதல்வர். நம் அரபி மத்ரஸாக்களில் இன்றளவும் ஓதிக்கொடுக்கப்படும் தர்ஸே நிஜாமி என்னும் பாடத்திட்டம் அந்த முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் பெயரால் வழங்குவது. என்னைப் போன்று மத்ரஸாவில் ஓதியோர் அனைவரும் அவ்வகையில் அந்த வளாகத்திற்குக் கடமைப்பட்டவர்கள். அதே வளாகத்தில், அந்த ஆலிம் பெருந்தகைக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் வந்து அடங்கியவர்தாம் நம் பேட்டை முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

நம் பகுதியிலிருந்து திருவல்லிக்கேணிக்குச் சென்று அங்கேயே வாழ்வை நிறைவு செய்த மற்றொருவரையும் இங்கு நினைவுகூரலாம். எட்டயபுரத்தில் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற மகாகவி பாரதியார், 1921 செப்டம்பரில் மறைந்தது அதே திருவல்லிக்கேணியில்தான். பொருநை நாட்டின் பிள்ளைகளை அவ்வூர் பலமுறை தன் மடியில் ஏந்தியிருக்கிறது.

பேட்டை மண்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலியை வளப்படுத்தி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இரு மருங்கிலும் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். பத்தமடையின் கோரைப்பாய், மேலப்பாளையத்தின் கைத்தறி, ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த காயல்பட்டினத்தின் கடல் வணிகம் ஆகிய யாவும் அவர்களின் உழைப்பைப் பேசுவன. திருநெல்வேலி நகருக்கு மேற்கே, தென்காசி செல்லும் வழியில் அமைந்தது பேட்டை. பேட்டை என்னும் சொல்லே சந்தை கூடும் புறநகரைக் குறிப்பதாகும். வணிகரும் நெசவாளரும் நிறைந்த அவ்வூரில், 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள் இஸ்மாயில் சாஹிப் அவர்கள் பிறந்தார்கள்.

தந்தையார் மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்கக் கல்வி பெற்றவர்கள். ஜவுளி வணிகம் செய்தவர்கள். அவர்கள் இளமையிலேயே காலமாகிவிட, பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அன்னையார் மீது விழுந்தது. குர்ஆன் ஓதவும் மார்க்கத்தின் அடிப்படைகளை அறியவும் இஸ்மாயிலுக்கு முதல் உஸ்தாதாக அமைந்தவர் அந்த அன்னையே. பின்னாளில் இந்தத் தாயின் பிள்ளைகளில் இருவர், அதாவது இஸ்மாயில் சாஹிபும் அவர்தம் சகோதரர் கே.டி.எம். அகமது இப்ராஹிம் சாஹிபும், இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர்களாக அமர்ந்தார்கள். ஒரு வீட்டின் விதவைத் தாய் தன் மக்களுக்கு ஓதிக்கொடுத்ததன் பலன் ஒரு நாட்டின் அரசியல் சாசன மன்றம் வரை சென்றது. நம் மஹல்லாவில் கணவரை இழந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கப் போராடும் தாய்மார்கள் இதனை மனத்தில் கொள்வார்களாக.

கல்வியும் அதனைத் துறந்த நாளும்

இஸ்மாயில் சாஹிப் அவர்கள் திருநெல்வேலியில் கிறிஸ்தவ மிஷனாரின் கல்லூரியிலும், இன்று பேட்டையில் அமைந்துள்ள ம.தி.தா. இந்துக் கல்லூரியிலும் பயின்றார்கள். பின்னர் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படிப்பைத் தொடர்ந்தார்கள். இவற்றில் ஒன்றேனும் முஸ்லிம்கள் நடத்திய கல்லூரி அன்று. மாற்றுச் சமயத்தார் எழுப்பிய நிறுவனங்களில் கல்வி பெற்று, தம் மார்க்கத்தில் சிறிதும் தளராது நின்றார்கள். 1909ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதிலேயே, சொந்த ஊரில் முஸ்லிம் இளைஞர் சங்கம் கண்டார்கள். 1918ஆம் ஆண்டில் உலமாக்களை ஒன்றிணைக்கும் மஜ்லிஸுல் உலமா அமைப்பு உருவாகத் துணைநின்றார்கள்.

1920ஆம் ஆண்டு வந்தது. கிலாஃபத் இயக்கமும் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நாட்டைக் குலுக்கிய நேரம். வெள்ளையர் ஆட்சியின் கல்வி நிலையங்களை விட்டு வெளியேறுமாறு மாணவர்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. பட்டம் கைக்கு எட்டும் நிலையில் இருந்த இஸ்மாயில் சாஹிப் அவர்கள் பி.ஏ. படிப்பைத் துறந்து வெளியேறினார்கள். அக்காலத்தில் ஒரு பட்டம் என்பது அரசு உத்தியோகத்திற்கும் குடும்ப வசதிக்கும் திறவுகோல். தந்தையில்லாக் குடும்பத்தின் மகன் அத்திறவுகோலைத் தாமே வீசியெறிந்தது எளிய செயலன்று. பட்டம் பெறாத அவர் பெயரில் பின்னாளில் கல்லூரி எழுந்தது இறைவனின் ஏற்பாடு.

தோல் வணிகமும் பொதுவாழ்வும்

1923ஆம் ஆண்டில் சென்னையின் புகழ்பெற்ற தோல் வணிகக் குடும்பமாகிய ஜமால் குடும்பத்தில் மணம் புரிந்தார்கள். பெரம்பூரில் ஜமாலிய்யா அரபிக் கல்லூரியை நிறுவி, எண்ணற்ற ஆலிம்களை உருவாக்கிய குடும்பம் அது. அன்றைய சென்னையின் தோல் ஏற்றுமதியில் முஸ்லிம் வணிகரின் பங்கு மிகப் பெரிது. இஸ்மாயில் சாஹிப் அவர்களும் அத்தொழிலில் ஈடுபட்டு, வணிகர் அமைப்புகளில் மதிக்கத்தக்க இடம் பெற்றார்கள். பின்னாளில் அவர்கள் குடியிருந்த குரோம்பேட்டையின் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையை ஒட்டி எழுந்ததாகும்.

வணிகத்தில் இருந்தவாறே முஸ்லிம் லீகில் பணியாற்றி, சென்னை மாகாணத்தில் அதன் தலைவரானார்கள். 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் லீக் 28 இடங்களைப் பெற்றது. காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியின் தலைவர் என்ற முறையில் இஸ்மாயில் சாஹிப் அவர்கள் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். 1952 வரை, பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா ஆகிய மூன்று முதல்வர்களின் ஆட்சியிலும் அப்பொறுப்பில் இருந்தார்கள்.

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைய முஸ்லிம் லீக் பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்த கட்சி. அந்தக் கட்சியின் சென்னைத் தலைவராக இருந்தவர் அவர். வரலாற்றை எழுதுவோர் தமக்கு உவப்பானதை மட்டும் எழுதி மற்றதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த வரலாற்றின் அடுத்த பகுதியையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிரிவினை நிகழ்ந்தபின் அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை அடங்கியிருக்கிறது.

பிரிந்த நாட்டில் நிலைத்து நின்றவர்

1947 ஆகஸ்டுக்குப் பின் இந்திய முஸ்லிம்களின் நிலை தந்தையில்லாப் பிள்ளையின் நிலையை ஒத்திருந்தது. வடநாட்டில் இரத்தம் ஓடியது. தலைவர்களாக இருந்தோர் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். எஞ்சியோரைச் சுற்றியிருந்தோர் ஐயத்துடன் நோக்கினர். அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரு நாடுகளுக்கும் தனித்தனியாகப் பிரிப்பதென முடிவு செய்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலிகான் அமைப்பாளரானார். இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக நியமிக்கப்பட்டவர் பேட்டை இஸ்மாயில் சாஹிப்.

ஒருவருக்குப் பிரதமர் பதவியும் ஒரு நாடும் இருந்தன. மற்றவருக்கு இருந்ததோ உடைந்துபோன ஒரு கட்சியும், அஞ்சி நடுங்கிய ஒரு சமுதாயமும் மட்டுமே. அவர் விரும்பியிருப்பின் கராச்சியிலேயே தங்கியிருக்கலாம். அவர் திரும்பி வந்தார். இது என் நாடு, இங்குதான் என் மக்கள் இருக்கிறார்கள் என்னும் உறுதியே அவரைத் திருப்பிக் கொணர்ந்தது.

அதே காலத்தில் லக்னோவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்) அவர்கள் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் தனிக் கட்சிகளை விட்டுவிட்டுப் பொது அரசியலில் கலந்துவிட வேண்டும் என்று வழிகாட்டியது. லீகைக் கலைத்துவிடுவதே சமுதாயத்திற்குப் பாதுகாப்பு என்று லீகிலிருந்தவர்களே பலர் கருதினர். அக்கருத்துக் கொண்டோரும் சமுதாயத்தின் நலனையே நாடினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இஸ்மாயில் சாஹிப் அவர்கள் வேறுவிதமாக எண்ணினார்கள். தன் குறையைத் தானே சொல்லிக்கொள்ள ஓர் அமைப்பு இல்லாத சமுதாயம், பிறர் இரக்கத்தை மட்டுமே நம்பி வாழ நேரும் என்பது அவர்களுடைய கருத்து. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் சென்னை மண்டபத்தில் கவுன்சில் கூடியது. வந்தவர்கள் சிலரே. கலைத்துவிடலாம் என்ற குரலும் அங்கு எழுந்தது. ஆயினும் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அன்று நிறுவப்பட்டு, இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அதன் தலைவரானார்கள். வஃபாத்தாகும் வரை அப்பொறுப்பைச் சுமந்தார்கள்.

அரசியல் நிர்ணய சபையில்

அவருடைய வாழ்வில் நாம் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இது. சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றிருந்த அவர்கள், 1948 நவம்பர் 23ஆம் நாள் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே குடிமைச் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது வரைவின் 35ஆம் பிரிவு. இன்றைய அரசியல் சாசனத்தில் அது 44ஆம் பிரிவு. தனக்கென ஒரு தனியார் சட்டம் உடைய எந்தச் சமுதாயமும் அதனைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் விதியை அதனுடன் சேர்க்க வேண்டும் என்பதே அவர்கள் கோரியது. முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தச் சமுதாயமும் என்றே திருத்தத்தை அமைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவை மக்களின் மார்க்கத்தோடும் பண்பாட்டோடும் பிணைந்தவை. அவற்றில் கை வைப்பது ஒற்றுமையை வளர்க்காது, மனக்கசப்பையே வளர்க்கும் என்பது அவர்களின் வாதம்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அத்திருத்தத்தை ஏற்கவில்லை. ஷரீஅத் சட்டம் நாடெங்கும் ஒரே சீராக எக்காலத்தும் நடைமுறையில் இருக்கவில்லை என்றும், மலபாரில் முஸ்லிம்களும் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றினர் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அதே வேளையில், இப்பிரிவு அரசு முயல வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது, மக்கள் மீது உடனே திணிப்பதாகச் சொல்லவில்லை என்றும், வருங்கால நாடாளுமன்றம் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் அதனைப் பொருந்தச் செய்யலாம் என்றும் விளக்கமளித்தார். திருத்தம் தோற்றது. ஆனால் அந்த விளக்கம் சபையின் பதிவேட்டில் நிலைத்துவிட்டது. 2024ஆம் ஆண்டில் உத்தராகண்ட் மாநிலம் பொதுக் குடிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது எழுந்த விவாதத்திலும் அன்றைய வாதங்களே திரும்பக் கேட்டன. எழுப்பியவர் தோற்றாலும் எழுப்பப்பட்ட கேள்வி சாவதில்லை.

1949 மே மாதம் 25, 26ஆம் நாட்களில் மற்றொரு சோதனை. சிறுபான்மைச் சமயத்தாருக்குச் சட்டமன்றங்களில் தரப்படவிருந்த இட ஒதுக்கீட்டை நீக்கும் பரிந்துரையை சர்தார் படேல் அவர்கள் முன்வைத்தார்கள். ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் தொடர வேண்டும் என இஸ்மாயில் சாஹிப் அவர்கள் திருத்தம் கொணர்ந்தார்கள். சபையின் முஸ்லிம் உறுப்பினர்களே அவர்களை எதிர்த்தனர். பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்றோர், ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து பிரித்து வைக்கும் என வாதிட்டனர். அவ்வாதத்திலும் சிந்திக்கத்தக்க செய்தி இருந்தது. பிரிவினையின் காயம் ஆறாத அவையில், தனித் தொகுதி என்னும் சொல்லே சினத்தை எழுப்பக்கூடியது. எழுந்து நின்று அச்சொல்லை உச்சரிக்க எத்துணை நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அத்திருத்தமும் தோற்றது.

தோற்றபின் அவர் செய்தது என்ன? அவையை விட்டு வெளியேறி மக்களைத் தூண்டிவிடவில்லை. சாசனத்தைப் பழிக்கவில்லை. அச்சாசனம் வகுத்த கூட்டுத் தொகுதிகளிலேயே நின்று, அதன் விதிகளின்படியே வென்று, மீண்டும் அதே நாடாளுமன்றத்தில் போய் அமர்ந்தார்கள். முறை நமக்கு உடன்பாடில்லாததாயினும், முடிவு செய்யப்பட்டபின் அதற்குள் நின்று உழைப்பதே குடிமகனின் கண்ணியம் என்பதை வாழ்ந்து காட்டினார்கள்.

தாய்மொழியின் பக்கம்

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தது. தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானி ஆட்சிமொழியாகலாம் என்னும் காந்தியடிகளின் கருத்தை ஆதரித்துப் பேசிய இஸ்மாயில் சாஹிப் அவர்கள், மொழியின் தொன்மையே அளவுகோலாயின் இம்மண்ணில் மிகப் பழமையானது தமிழே என்பதையும் அவையில் துணிந்து எடுத்துரைத்தார்கள். முஸ்லிம் என்றால் உருது பேசுபவர் என்று வடநாட்டினர் எண்ணியிருந்த அவையில், தமிழைத் தம் தாய்மொழி என்று பெருமிதத்துடன் சொன்ன முஸ்லிம் தலைவர் அவர்கள்.

இதில் நாம் வியப்படைய ஏதுமில்லை. தென்மொழிகள் தனியொரு குடும்பம் என்று 1816ஆம் ஆண்டில் முதன்முதலாக எடுத்துரைத்த எல்லீஸ் துரையின் பெயர் தாங்கிய சாலை திருவல்லிக்கேணியில் இருக்கிறது. 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் வாழ்ந்தது நம் நெல்லைச் சீமையின் இடையன்குடியில். அறிஞர்கள் ஆய்ந்து கண்டதைத் தம் அன்னையின் மடியிலேயே உணர்ந்தவர் பேட்டை இஸ்மாயில் சாஹிப். மார்க்கத்தின் மொழியாகிய அரபியும், தாயின் மொழியாகிய தமிழும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கு அவர்கள் வாழ்வே சான்று.

மஞ்சேரி மக்களின் அன்பு

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியில் வென்று மக்களவையிலும் அவர்கள் இடம்பெற்றார்கள். மலையாளம் பேசும் மக்கள், தமிழ் பேசும் ஒருவரை மும்முறை தேர்ந்தெடுத்தார்கள். ஊர்க்காரர், உறவினர் என்று பார்த்து வாக்களிக்கும் இக்காலத்தில் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர்கள் தலைமையில் கட்சி கண்ட வளர்ச்சி படிப்படியாக வந்தது. 1960ஆம் ஆண்டில் கேரளத்தில் கூட்டணி வென்றபோது லீகுக்கு அமைச்சரவையில் இடமளிக்கப்படவில்லை. சபாநாயகர் பதவி மட்டும் கிடைத்தது. அதில் சீதி சாஹிப் அமர்ந்தார். அவசரப்பட்டு உறவை முறித்துக்கொள்ளாமல் பொறுத்திருந்தனர். 1967ஆம் ஆண்டில் கேரள அமைச்சரவையில் சி.எச். முஹம்மது கோயா உள்ளிட்ட இருவர் இடம்பெற்றனர். 1969 ஜூன் 16ஆம் நாள் மலப்புரம் மாவட்டம் உருவாயிற்று. தமிழகத்தில் அதே 1967ஆம் ஆண்டில் பேரறிஞர் அண்ணாவின் தலைமையில் அமைந்த கூட்டணியில் லீக் இடம்பெற்று, ஆட்சி மாற்றத்தில் பங்காற்றியது. கலைந்துவிடும் என்று பலர் கருதிய ஒரு கட்சி, இருபது ஆண்டுகளுக்குள் ஆட்சி அமைப்போர் நாடிவரும் நிலையை அடைந்தது. ஸப்ர் என்னும் பொறுமையின் பலன் இது.

1962ஆம் ஆண்டில் சீனப் படை எல்லை தாண்டியபோது, நாட்டின் பாதுகாப்புக்குத் தம் ஒரே மகனைப் படையில் சேர்க்க முன்வருவதாக அவர்கள் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார்கள். நாட்டுப்பற்றைச் சந்தேகித்தவர்களுக்கு அவர்கள் வாதத்தால் விடை சொல்லவில்லை. தம் வீட்டின் ஒரே செல்வத்தை முன்வைத்து விடை சொன்னார்கள்.

கல்வியின் தலைமுறை

இஸ்மாயில் சாஹிப் அவர்கள் காலத்துத் தலைமுறை, அரசியலோடு கல்வியையும் கட்டியெழுப்பிய தலைமுறை. 1948இல் கோழிக்கோட்டுக்கு அருகே ஃபாரூக் கல்லூரி, 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி, அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரி, 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதிய்யா கல்லூரி எனத் தொடர்ந்து எழுந்தன. நம் நெல்லையில் 1971ஆம் ஆண்டில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி தோன்றியது. அவர்கள் மாணவராயிருந்த நாளில் நம் பிள்ளைகள் பிறர் கட்டிய கல்லூரிகளையே நாட வேண்டியிருந்தது. அவர்கள் மறைவதற்கு முன்னர், நம் சமுதாயம் கட்டிய கல்லூரிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயிலும் நிலை வந்துவிட்டது. வாங்கிய கடனைச் சமுதாயம் திருப்பிச் செலுத்தத் தொடங்கியது என்று இதனைச் சொல்லலாம்.

மறைவும் நினைவும்

1972ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், மக்களவை உறுப்பினராக இருந்த நிலையிலேயே, சென்னையில் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வாலாஜா பெரிய பள்ளிவாசலின் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். சமயமும் கட்சியும் கடந்து மக்கள் திரண்டு வந்து இறுதி மரியாதை செலுத்தினர். எதிரணியில் இருந்தவர்களும் கண்ணியத்திற்குரியவர் என்ற அடைமொழியின்றி அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. காயிதே மில்லத் என்றால் சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள். இதனை அவர்கள் தாமே சூட்டிக்கொள்ளவில்லை; மக்கள் சூட்டினார்கள்.

1974ஆம் ஆண்டில் சென்னை அண்ணா சாலையில் தொடங்கப்பட்ட அரசு மகளிர் கல்லூரி அவர்கள் பெயரைத் தாங்குகிறது. 1991ஆம் ஆண்டில் உருவான நாகை மாவட்டத்திற்கும் அவர்கள் பெயர் இடப்பட்டிருந்தது. 1997ஆம் ஆண்டில் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டபோது அப்பெயரும் நீங்கியது. பலகைகள் ஏறும், இறங்கும். வாழ்வு மட்டுமே நிலைத்து நிற்கும்.

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத்தார்களே! வாக்களித்து என்ன பயன், மனுக் கொடுத்து என்ன பயன், நம் குரலை யார் கேட்கப் போகிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இதுதான். அரசியல் நிர்ணய சபையில் தம் முக்கியமான திருத்தங்களில் தோற்றுப்போன ஒருவர், ஒருபோதும் நாகரிகத்தை இழக்காமல், ஒருபோதும் அவையைப் புறக்கணிக்காமல், கால் நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து பேசினார். அதனாலேயே எதிர்த்தவர்களும் அவரை மதித்தனர். சினத்தால் பெற முடியாததைக் கண்ணியத்தால் பெற்றார். வாக்காளர் பட்டியலில் தம் குடும்பத்தாரின் பெயர் உள்ளதா என்று பார்க்காதவர், காயிதே மில்லத்தின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படத் தகுதியுடையவரா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. நம் தெருக்களில் வாழ்ந்து மறைந்த பெரியோர்களின் வரலாறு எங்கும் எழுதப்படவில்லை. எந்த வீட்டில் மத்ரஸா முதன்முதலாக நடந்தது, எந்த வணிகர் பள்ளிக்கு நிலம் வக்ஃபு செய்தார், எந்தத் தாய் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தார் என்பன மூத்தோரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் கண் மூடும்போது அவையும் மறைந்துவிடும். நம் பள்ளியின் பழைய நிகாஹ் பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், கணக்குப் புத்தகங்கள் யாவும் வரலாற்று ஆவணங்களே. கரையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் பாதுகாப்பதும், படிப்பறிந்த இளைஞர்கள் மூத்தோரிடம் அமர்ந்து கேட்டுக் குறித்துக்கொள்வதும் இவ்வாண்டே தொடங்கப்பட வேண்டிய பணி. பேட்டையின் ஒரு விதவைத் தாயின் மகன் நாட்டின் சாசன மன்றத்தில் அமர்ந்ததுபோல், நம் தெருவின் ஏதோ ஒரு வீட்டிலும் நாளைய தலைவர் ஒருவர் இன்று அலிஃப், பே ஓதிக்கொண்டிருக்கக் கூடும். அப்பிள்ளைக்குத் தன் தெருவின் வரலாற்றைக் கையில் கொடுப்பது நம் கடமை.

அல்லாஹ் மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்று, ஜன்னத்துல் ஃபிர்தௌஸை வழங்குவானாக. நம் ஊரையும் நாட்டையும் அமைதியுடனும் சகோதரத்துவத்துடனும் வாழச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.